கடிதத்தின் அடியில் இரண்டு வரி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். தூரத்து நண்பர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை எழுதும் கிறிஸ்துமஸ் கடிதம் உறவைக் காக்கிறதா, வெறும் சடங்கா என்பது தலைப்பு. காக்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் பேசிய சகோதரி, "ஒரே கடிதத்தை ஐம்பது பிரதி எடுத்து அனுப்பினால் அது கடிதமா, நோட்டீஸா?" என்று கேட்டார். பலத்த கைதட்டல். சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. 1840இல்தான் ஒரு பென்னி காசுக்கே நாடு முழுக்கக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்திருந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். எல்லோருக்கும் பதில் எழுத நேரமில்லை. ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரைந்து வாங்கி, ஆயிரம் அட்டைகள் அச்சடித்தார். கடையில் ஒரு அட்டை ஒரு ஷில்லிங். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அப்படித்தான் பிறந்தது. கடிதம் எழுத நேரமில்லாதவர் கண்டுபிடித்த வழி அது, நடுவர் அவர்களே! பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. வீட்டில் யார் நலம், யார் படுத்திருக்கிறார்கள் என்று அதில் ஒரு சொல் இருக்காது.

அமெரிக்கக் குடும்பங்கள் அந்த அட்டைக்குள் ஒரு தாளை மடித்து வைத்தன. தட்டச்சு செய்து நகலெடுத்த தாள்தான். ஆனால் அட்டையில் இல்லாமல் போன வீட்டுச் சேதி அதில் திரும்பி வந்தது. நம் கல்யாணப் பத்திரிகையும் எல்லோருக்கும் ஒரே அச்சுதான். உறைமேல் நம் பெயரை எழுதி, வீடு தேடி வந்து கொடுத்தால், அச்சடித்தது என்று யாராவது திருப்பித் தருகிறோமா?

என் வீட்டுக்கு வரும் கடிதத்தைச் சொல்கிறேன். அமெரிக்கா வந்த புதிதில் மின்னசோட்டாவில் இருந்தோம். குளிரில் என் கார் பேட்டரி செத்துப்போன காலையில், கேட்காமலே ஒயரோடு வந்து நின்றவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பிறகு நாங்கள் டெக்சாஸுக்கு வந்துவிட்டோம். பதின்மூன்று ஆண்டுகளாக டிசம்பரில் அவர்கள் கடிதம் தவறியதில்லை. இந்த வருஷம் தக்காளி சரியாகக் காய்க்கவில்லை, முழங்காலில் அறுவை சிகிச்சை, பேத்திக்கு வேலை கிடைத்தது என்று ஒரு பக்கம். அடியில் அந்த அம்மா நீல மையில் இரண்டு வரி எழுதுவார். "உங்கள் பெண் இன்னும் பனியில் படுத்து இறக்கை வரைகிறாளா?" அவளுக்கு அப்போது ஐந்து வயது. அந்த இரண்டு வரி எங்களுக்கு மட்டும்தானே?

எப்போதும் 'நாங்கள்' என்று தொடங்கும் கடிதம், போன வருஷம் 'நான்' என்று தொடங்கியது. படித்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. மார்ச் மாதமே அவர் போய்விட்டார். எங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவர் பிள்ளைகளிடம் எங்கள் நம்பர் கிடையாது.

"அதுதான் வாட்ஸ்அப் இருக்கிறதே" என்றார் எதிரணி நண்பர். தினமும் பேசுகிறவர்களுக்கு அது போதும். திடீரென்று போன் போட்டால் "என்ன ஆச்சு?" என்று பதறுகிற நட்பு ஒன்று இருக்கிறது. அடிக்கடி பேச உரிமை இல்லை, மறக்கவும் மனசு வரவில்லை. அந்த நட்புக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம்தான் சரியான அளவு. அப்புறம், இந்தக் கடிதங்களில் பெருமை பீற்றுகிறார்கள் என்றார். சிலர் அப்படி எழுதுவது உண்மை. அதற்காக எழுதுவதையே நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. தன் பிள்ளை தேறியதை ஊரில் இருந்தால் வாசலில் நின்று சொல்லியிருப்பார். தூரத்தில் இருப்பதால் எழுதுகிறார்.

இப்போது நானும் எழுதுகிறேன். நவம்பரில் இங்கே வரும் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையில் முகவரி நோட்டை எடுத்து உட்காருவேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு பெயரை அடிக்க வேண்டியிருக்கிறது, கை நடுங்கும். இந்த முறை முதல் கடிதம் மின்னசோட்டா அம்மாவுக்கு. அச்சாகி மடித்துத் தயாராக இருக்கிறது. என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அடியில் இரண்டு வரியைத் தானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் விடுமுறைக்கு வரட்டும் என்று உறையை ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.