முறிகண்டியில் நின்ற கார்

வணக்கம் நேயர்களே. கிளிநொச்சிப் பக்கம் கராச் வைத்திருக்கும் என்னைப் பேச அழைத்தபோது, லான்ட்மாஸ்டர் உழவு மெஷினைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். றோட்டரி எஞ்சின் கார் பற்றிக் கேட்டதும் சிரிப்பு வந்தது. எங்கள் வீதிகளில் அது மாடுகளுக்கே புதினம்.

சரி, கதைக்கு வருவோம். ஒரு சித்திரை வெயிலில் அந்த றோட்டரி எஞ்சின் பூட்டிய மாஸ்டா ஆர்.எக்ஸ். 8 ஒன்று வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வந்திருக்கிறது. எல்லோரையும் போல முறிகண்டியில் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறினால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. நன்றாக ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடி வந்தது. பற்றரியும் ஸ்டார்ட்டரும் நல்லாய் இருந்தும் சூட்டில் கிளம்பாது, ஆறினால் கிளம்பும் என்றால் கொம்பிரஷனைத்தான், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கும் அழுத்தத்தைத்தான், முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்த எஞ்சினில் பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. 654 சிசி அறைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று மூலையுள்ள ஒரு றோட்டர் சுழல்கிறது. மூலைக்கு ஒரு மெல்லிய உலோகப் பட்டை, அதுதான் ஏபெக்ஸ் சீல். அது தேய்ந்தால் அழுத்தம் ஒழுகும். சாதாரண கொம்பிரஷன் கேஜ் றோட்டரின் மூன்று முகங்களில் பலமான முகத்தை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். நான் பெற்றோலையும் ஸ்பார்க்கையும் நிறுத்தி, ஒரு பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுக் காதைக் கொடுத்தேன். புஸ், புஸ், புஸ் என்று ஒரே அளவில் வரவேண்டும். பின் றோட்டரில் அப்படியே வந்தது. முன் றோட்டரில் இரண்டு புஸ், மூன்றாவது ஒரு பெருமூச்சு.

சண்டைக் காலத்தில் இரண்டு துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. சத்தத்தை வைத்து எஞ்சினின் மனநிலையை அறியும் காது அப்போது வந்ததுதான்.

காரை வைத்திருந்த தம்பி டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துப் பலம் ஏற்றும் சாமான், போடவேண்டும் என்றுதான் வந்தார். பெரிய சத்தம் போடும் சைலன்சரும் வாங்கி வந்திருந்தார். நான் மறித்தேன். அந்தக் காரில் முதலில் தளர்வது பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில்கள். ஸ்பார்க் பலவீனமானால் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், அங்கிருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரில் எரிந்து அதை உருக்கி அடைத்துவிடும். புகை போக வழியில்லாமல் சூடு எஞ்சினுக்கே திரும்புகிறது. வன்னி வெயிலில் இது போதும், சீல் முடிந்தது. புதுக் கொயில்களும் பிளக்குகளும் போட்டு, றேடியேற்றரைச் சுத்தம் செய்து, தண்ணீரின் சூட்டைச் சரியாகச் சொல்லும் தனிக் கேஜ் ஒன்றைப் பூட்டினால் அதுதான் முதல் அப்கிரேட். காரோடு வந்த கேஜின் முள், சூடு கைமீறும் வரை நடுவில் சும்மா நிற்கும்.

அப்புறம் ஒயில். இது ஒயில் குடிக்கத்தான் செய்யும், பழுது என்று பதறவேண்டாம். சீல்களை நனைக்க அறைக்குள் ஒயிலைச் சிறிதளவு விடும் பம்ப் ஒன்று எஞ்சினிலேயே உண்டு. ஆகவே பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். பழைய ஆட்டோவுக்குக் கலந்ததுபோல நானும் 10 லீற்றர் பெற்றோலுக்கு 50 மில்லிலீற்றர் ரூ ஸ்ரோக் ஒயில் கலந்து விடுகிறேன்.

இன்னொன்று: குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, கழுவுவதற்காக நாலு அடி நகர்த்திவிட்டு உடனே நிறுத்தாதீர்கள். பெற்றோல் பிளக்கை நனைத்து, அடுத்த முறை மக்கர் பண்ணும். அப்படி ஆனால் அக்சிலேற்றரை அடிவரை மிதித்துக்கொண்டு சுற்றுங்கள், பெற்றோல் வருவது நிற்கும்.

இது கெட்ட எஞ்சின் என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 1967 இல் கொஸ்மோ ஸ்போர்ட் காரில் மாஸ்டா தொடங்கிய வேலை, 1991 இல் நான்கு றோட்டர் 787பி காராக பிரான்சின் லு மான் 24 மணிநேரக் கார் ஓட்டப் போட்டியை வென்றது.

தம்பியின் எஞ்சின் இப்போது என் மேசையில் கழற்றிக் கிடக்கிறது, சீல்கள் வரவேண்டும். சைலன்சர் சுவரில், லான்ட்மாஸ்டர் பெல்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வாரத்துக்கு ஒருமுறை போன் எடுத்து, "அண்ணை, டர்போ?" என்று கேட்கிறார்.