இலக்கியத் திருவிழாவுக்குப் போக எவ்வளவு வாசித்திருக்க வேண்டும்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒரு கல்லூரி மாணவியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "எங்கள் மாவட்டத்தில் இலக்கியத் திருவிழா நடக்கப் போகிறது. நான் வேதியியல் படிக்கிறேன். பாடப் புத்தகத்துக்கு வெளியே நாலைந்து கதைகள்தான் வாசித்திருப்பேன். போனால் எனக்குப் புரியுமா? தனியாகப் போய் உட்காரலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போங்கள் தங்கச்சி. நான் போன கதையைச் சொல்கிறேன்.

2022 நவம்பரில் பாளையங்கோட்டையில் பொருநை இலக்கியத் திருவிழா நடந்தது. பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று நதிகளின் பெயரில் நான்கு, சென்னைக்கு ஒன்று என ஐந்து திருவிழாக்களைத் தமிழக அரசு அறிவித்திருந்தது. அதில் முதலாவது இது. பொருநை என்றால் எங்கள் தாமிரபரணிதான். நான் அப்போது பொறியியல் மாணவன். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து காலையில் பஸ் ஏறித் தனியாகத்தான் போனேன்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டின் கூடத்தைப் பட்டாசல் என்போம். ஆச்சி சொல்லிச் சொல்லி வாயில் படிந்த சொல். பள்ளியில் ஒரு கட்டுரையில் அதை எழுதிவிட்டேன். சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 'கூடம்' என்று எழுதித் தந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் பேசுவது ஒரு தமிழ், தாளில் எழுதுவது இன்னொரு தமிழ் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

அன்று ஓர் அமர்வில் பேசிய ஒருவர் ஒரு சிறுகதையிலிருந்து ஒரு பத்தியை வாசித்தார். அதில் பட்டாசல் வந்தது, தார்சா (வீட்டின் முன்பகுதி) வந்தது, முடுக்கு (குறுகிய சந்து) வந்தது. அரங்கில் அத்தனை பேரும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் அவர் என்ன பேசினார் என்பது கூட மனதில் பதியவில்லை. எங்கள் ஆச்சியின் சொல் அத்தனை பேர் நடுவில் தலைநிமிர்ந்து நின்றது, அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன். கோவில்பட்டி பக்கம் இடைசெவல் என்று ஒரு சிறிய ஊர். எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அங்கே பிறந்தவர்கள், இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். கி.ரா. கரிசல்காட்டு மக்களின் பேச்சுச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே போட்டிருக்கிறார். கல்லூரிப் பக்கமே போகாத விவசாயி செய்த வேலை அது! திருநெல்வேலி டவுன் சுடலைமாடன் கோயில் தெருவில் வாழ்ந்த விமர்சகர் தி.க.சி.க்கு 2000இல் அதே விருது, அவர் மகன் வண்ணதாசனுக்கு 2016இல். நான் எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்துபோன ஊர்கள் இவை. ஒரு பாட வேளையில் கூட யாரும் இதையெல்லாம் சொன்னதில்லை.

மாலையில் டீக்கடையில் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "ரெயினீஸ் ஐயர் தெரு வாசிச்சிருக்கியாடே?" என்று கேட்டார். வண்ணநிலவன் எழுதிய நாவல், பாளையங்கோட்டைத் தெரு ஒன்றின் கதை. இந்த ஊரில் ஊழியம் செய்து 1838இல் இங்கேயே இறந்துபோன ஜெர்மானியப் பாதிரியார் ரேனியஸின் பெயர் அது. சிறிய நாவல்தான், அடுத்த வாரமே வாசித்து முடித்தேன். எனக்கு அந்தப் பெரியவர் யாரென்று தெரியாது. தனியாகப் போனதால்தான் அவரோடு பேச வாய்த்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

புரியாத அமர்வுகளும் இருந்தன. கோட்பாடு பற்றிய ஒன்றில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன், அதில் தவறில்லை. எல்லா அரங்குக்கும் ஓட வேண்டாம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, பேசப் போகிறவர்களில் ஒருவருடைய ஒரே ஒரு சிறுகதையை முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போங்கள், போதும். அவர் பேசும்போது உங்களுக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கும். கையில் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காதில் விழும் புத்தகப் பெயர்களை அன்றே எழுதாவிட்டால் மறந்துவிடும்.

சரி, உங்கள் ஊர்த் திருவிழாவில் யார் யார் பேசுகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அவர்களுடைய எந்தக் கதையில் தொடங்கலாம் என்று அடுத்த வாரம் சொல்கிறேன்.