240 ரூபாய் கைடும் தேர் ஓடாத கடலும்

வணக்கம் மக்களே. நேற்று நாகர்கோவிலில் ஒரு கைடு வாங்கினேன், அதிலிருந்து மனசு கொதிக்கிறது. என் சித்தி மகள் பி.ஏ. தமிழ் படிக்கிறாள் இல்லையா, அவளுக்காக அணியிலக்கணக் கைடு. விலை 240 ரூபாய். கழிவு கேட்டால், கைடுக்கெல்லாம் கழிவு கிடையாதாம். தாளைப் பாருங்கள், பின்னால் விரலை வைக்கிறேன், தெரிகிறதா? அந்தப் பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிகிறது. இதற்கு 240 ரூபாய்! உரையோடு கையடக்கத் திருக்குறளே இதைவிட எவ்வளவோ குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

சரி, தாளையாவது பொறுத்துக்கொள்ளலாம். ‘எடுத்துக்காட்டு உவமை அணி’ என்ற தலைப்பின் கீழ் எந்தக் குறளைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்:

கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும்
நாவாயும் ஓடா நிலத்து.

இது பிறிது மொழிதல் அணி, மக்களே! ஒப்பாகக் காட்டும் உவமானத்தை மட்டும் சொல்லிவிட்டு, சொல்ல வந்த பொருளான உவமேயத்தைச் சொல்லாமல் விடுவது. ‘போல’ என்ற உருபு இல்லை, அதனால் எடுத்துக்காட்டு உவமை என்கிறது கைடு. பிறிது மொழிதலிலும்தான் உருபு வராது. தேட வேண்டியது உவமேயத்தை. ‘அகர முதல எழுத்தெல்லாம்’ குறளை எடுங்கள். எழுத்துகளுக்கு அகரம் முதல், இது உவமானம். உலகுக்கு ஆதிபகவன் முதல், இது உவமேயம். இரண்டையும் வள்ளுவரே சொல்லிவிட்டார், நடுவில் ‘அதுபோல’ மட்டும் இல்லை. இதுதான் எடுத்துக்காட்டு உவமை.

தேர்க் குறளில் உவமேயம் எங்கே? சுசீந்திரம் தேரைக் கடலில் ஓட்ட முடியாது, குளச்சல் வள்ளத்தை ரத வீதியில் ஓட்ட முடியாது. அவ்வளவுதான் குறள். அவரவர்க்கு ஏற்ற இடத்தில் நின்றால்தான் வெல்ல முடியும் என்ற கருத்துக்கு அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. அட, முக்கியமானதை விட்டுவிட்டேன்: இது 496-ஆவது குறள், அதிகாரம் இடனறிதல். அவர் சொல்லாமல் விட்டதை அந்தத் தலைப்பை வைத்துத்தான் பிடிக்கிறோம். அணிகளிலேயே எனக்கு உயிர் இதுதான். படிக்கிறவரை நம்பி விட்டுவிடுகிறார் பாருங்கள்!

தற்குறிப்பேற்ற அணியைக் கைடு சரியாகவே சொல்லியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். முப்பந்தல் காற்றாலை வீடியோ பார்த்தவர்களுக்கு இது சுலபம். காற்றாலை இறக்கை காற்றில் சுற்றுவது இயல்பு. மேகத்தை ‘வா வா’ என்று கை வீசிக் கூப்பிடுகிறது என்று கவிஞர் தன் குறிப்பை ஏற்றினால் அது தற்குறிப்பேற்றம்.

தேர்வுக்குப் போகிறவர்கள் ‘பீலிபெய் சாகாடும்’ என்ற 475-ஆவது குறளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதிகாரம் வலியறிதல். மயிலிறகும் வண்டி அச்சும் கண்ணில் படும். உவமேயம் இருக்கிறதா என்று தேடிவிட்டு அணியின் பெயரை எழுதுங்கள்.