சுவர் இருந்தால்தான் சித்திரம்

(பள்ளி முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாகவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, நான் படித்த இந்தப் பள்ளியை இன்று கட்டிக்காக்கும் தலைமை ஆசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, நாற்காலி போதாமல் வேப்பமரத்தடியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, காலையிலிருந்து பந்தல்காரரோடு சேர்ந்து உழைத்த மாணவச் செல்வங்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தம்பி அவர்களே! இந்தப் பொன்னாடை என் தோளில் இருப்பதைவிட நம் பள்ளிக் கபடிக் குழுவின் தலைவி தோளில் இருப்பதுதான் அழகு. கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வா அம்மா, உனக்குப் போர்த்துகிறேன்.

இன்னும் ஒருவரை விளிக்கவில்லை. நம் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவர்களே! உங்களைக் கடைசியில் விளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அழைப்பிதழில் உங்கள் பெயர் கடைசியில்தான் இருந்தது. சங்கத்தாரைக் குறை சொல்லவில்லை. எந்தப் பள்ளி அழைப்பிதழை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த வரிசை மாற வேண்டும் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘ஒரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரின் வாழ்க்கை’. நான் எடுத்துக்கொண்ட ஆசிரியர் கென்யாவில் இருப்பவர். பெயர் கொலம் ஓ'கானல். அயர்லாந்தில் பிறந்தவர், பேட்ரீசியன் சபையைச் சேர்ந்த துறவி. ஊரார் அவரை பிரதர் கொலம் என்பார்கள். மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். அவர் அந்த ஊருக்கு வந்த கதை ஒன்று, பிள்ளைகளைப் பழக்கிய முறை ஒன்று, அவரால் அந்த ஊர் மாறிய விதம் ஒன்று.

1976ஆம் ஆண்டு. கென்யாவின் மேற்குப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், பெரும் பள்ளத்தாக்கு ஒன்றின் விளிம்பில் இட்டென் என்று ஒரு சின்ன ஊர். செம்மண் பாதைகள். அங்கே புனித பேட்ரிக் உயர்நிலைப் பள்ளி. அந்தப் பள்ளிக்குப் புவியியல் கற்பிக்க வருகிறார் ஓர் இளைஞர். நன்றாகக் கவனியுங்கள், புவியியல்! ஓட்டப் பந்தயத்துக்கும் அவருக்கும் அதுவரை ஒரு தொடர்பும் கிடையாது. பயிற்சியாளர் சான்றிதழ் எதுவும் அவர் கையில் இல்லை. பள்ளியில் பிள்ளைகளை ஓட வைத்துக்கொண்டிருந்தவர் பீட் ஃபாஸ்டர் என்ற இன்னோர் ஆசிரியர். அந்த ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெண்கலம் வாங்கிய பிரெண்டன் ஃபாஸ்டரின் சகோதரர் அவர். சிறிது காலத்தில் அவர் ஊர் திரும்பிவிட, பொறுப்பு இந்தப் புவியியல் வாத்தியார் தலையில் விழுந்தது. எனக்குத் தெரியாது என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தார், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். வந்தவர் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார்.

சுவர் இருந்தால்தானே சித்திரம்? அந்தப் பிள்ளைகளுக்கு அவர் சுவராக நின்றார். அந்தச் சுவரில் வந்த சித்திரங்களைச் சொல்கிறேன். இப்ராஹிம் ஹுசைன் என்று அந்தப் பள்ளியில் படித்த மாணவர், 1988இல் பாஸ்டன் மாரத்தானை வென்றார். அந்த ஓட்டத்தை வென்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்தான். அதே ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் பீட்டர் ரோனோ 1,500 மீட்டரில் தங்கம். 1992இல் பார்சிலோனாவில் மேத்யூ பிரிர், தடை தாண்டும் 3,000 மீட்டரில் தங்கம். வில்சன் கிப்கெட்டர் என்ற இன்னொரு மாணவர் டென்மார்க்குக்குப் போய்க் குடியேறி, 1997இல் 800 மீட்டரை 1 நிமிடம் 41.11 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். பதின்மூன்று ஆண்டுகள் அதை யாராலும் தொட முடியவில்லை. 2010இல் அதை உடைத்தவர் டேவிட் ருடிஷா. அவரும் இதே பிரதர் கொலமிடம் பழகியவர்! ஒரே ஆசிரியரிடம் பழகிய ஒருவரின் சாதனையை, அவரிடமே பழகிய இன்னொருவர் முறியடிக்கிறார். எந்த ஆசிரியருக்கு இப்படி ஒரு பேறு கிடைக்கும்?

2012 லண்டன் ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதிப்போட்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கி வெடித்ததிலிருந்து ருடிஷாதான் முன்னால். வேகம் பிடித்துக் கொடுக்க யாரும் இல்லை. 1 நிமிடம் 40.91 விநாடி. அந்தப் பந்தயத்தில் எட்டாவதாக, கடைசியாக வந்தவரின் நேரம் 1 நிமிடம் 43.77 விநாடி. அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்குகளில் அதே நேரத்தில் ஓடியிருந்தால் அவருக்குத் தங்கம் கிடைத்திருக்கும். முன்னால் ஒருவன் முழுமூச்சாக ஓடினால் பின்னால் வருகிறவனும் உயர்கிறான். எட்டு ஓட்டக்காரர்கள் இருக்கிற பந்தயத்தில் ஏழு பேர் தோற்கிறார்கள், அதனால் விளையாட்டு வீண் என்று பேசுகிற பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன்.

அந்தப் பள்ளி வளாகத்தில் ஒரு வழக்கம் உண்டு. உலக அளவில் வென்று திரும்பும் மாணவர் ஒரு மரக்கன்று நடுகிறார், பக்கத்தில் பெயர்ப்பலகை வைக்கிறார்கள். இன்று அங்கே படிக்கும் பையன் அந்த மரங்களின் நிழலில்தான் நடக்கிறான்.

800 மீட்டர் என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. தலைவர் அனுமதித்தால் சொல்லிவிடுகிறேன். நேரம் கொஞ்சம் ஆகும்.

அதே 1976. எனக்கு எட்டு வயது. என் அக்கா ஒன்பதாம் வகுப்பு. அப்போது எங்கள் பள்ளியில் இருந்த டிரில் மாஸ்டர், அக்கா பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் புத்தகத்தை அணைத்துக்கொண்டு ஓடி வந்ததைப் பார்த்திருக்கிறார். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். “ஐயா, குறுவட்டப் போட்டிக்கு உங்கள் பெண்ணை 800 மீட்டரில் சேர்க்க வேண்டும்” என்றார். அப்பா, “சார், பெண்பிள்ளை ஊர் பார்க்க அரைக்கால்சட்டை போட்டு ஓடினால் நாளைக்கு யார் வந்து பெண் கேட்பார்கள்?” என்றார். மாஸ்டர் வாதாடவில்லை. கொடுத்த மோரைக் குடித்தார், வருகிறேன் என்று போய்விட்டார்.

மறுநாளும் வந்தார். அப்பா அதே பதில். மூன்றாம் நாள் தனியாக வரவில்லை. சைக்கிளின் பின்னால் அவர் மனைவி. அந்த அம்மா கையில் துணிப்பை. நேரே உள்ளே போய் என் அம்மாவிடம் பையைக் கொடுத்தார். கணுக்கால் வரை இறங்கும் நீல நிறக் கால்சட்டை, இடுப்பில் நாடா, முழங்கை தாண்டிய வெள்ளைச் சட்டை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தானே தைத்ததாம். நாடா நுனி பிரியாமல் இருக்கச் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டிருந்தார். அந்தச் சிவப்பு முடிச்சு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. “அண்ணி, போட்டி நடக்கும் இடத்துக்கு நானும் கூடவே போகிறேன். கூட்டிப் போய்க் கூட்டி வருவது என் பொறுப்பு” என்றார் அந்த அம்மா. திண்ணையில் அப்பா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “பஸ்ஸுக்குக் காசு நான் கொடுத்துவிடுகிறேன்” என்றார். அவ்வளவுதான் அப்பாவின் சம்மதம்.

அக்கா ஓடினாள். சுண்ணாம்புக் கோடு போட்ட மண் தடம், வெறுங்கால். முதல் சுற்றில் கடைசிக்கு முந்தைய இடம். இரண்டாவது சுற்றில் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தாள். முதலிடமா என்று கேட்பீர்கள். இல்லை. நான்காவது. பதக்கம் இல்லை, சான்றிதழ் இல்லை. திரும்பி வந்த அன்று அவள் அப்பாவிடம் சொன்ன சொல் இதுதான்: “இன்னும் நூறு மீட்டர் இருந்திருந்தால் பிடித்திருப்பேன் அப்பா.” எங்கள் வீட்டில் ஒரு பெண் தலை நிமிர்ந்து அப்பாவிடம் அப்படிப் பேசியதை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. மறு வருடம் போட்டிக்கு அப்பாவே கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அக்கா இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். நன்றி. உட்காருங்கள்.

பெண்கள் 800 மீட்டருக்கு உலகமே தடை போட்டு வைத்திருந்தது என்பது உங்களுக்குத் தெரியுமா? 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்த ஓட்டம் இருந்தது. ஓடி முடித்தவர்கள் களைத்துப்போனார்கள், பெண் உடம்பு இதைத் தாங்காது என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். 1960இல் ரோமில்தான் திரும்பி வந்தது. 32 ஆண்டுகள்! திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பிரதர் கொலமும் பையன்களோடு நின்றுவிடவில்லை. 1989இல் விடுமுறைக் காலத்தில் இளையோருக்கு முகாம் தொடங்கியபோது பெண்பிள்ளைகளை முன்னிறுத்தினார். 2007இல் ஒசாகாவில் 800 மீட்டர் உலகப் பட்டம் வென்ற ஜேனத் ஜெப்கோஸ்கெய் அவரிடம் பழகியவர்களில் ஒருவர்.

அவர் பழக்கிய முறைக்கு வருகிறேன். முறை எளிமையானது. காலையில் எல்லாரையும் கூட்டமாக, மெதுவாக ஓட வைப்பார். தோள் தளர்ந்திருக்கிறதா, கை சரியாக வீசுகிறதா, பாதம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். விரட்டுவது கிடையாது. பெரிய கருவிகள் கிடையாது. அதற்கு வேண்டியது ஒரு திடல், ஒரு மணி நேரம், தினமும் அங்கே வந்து நிற்கிற ஓர் ஆசிரியர். இந்த மூன்றில் நம் பள்ளிகளில் எது மிச்சமிருக்கிறது?

இதைக் கேட்கிற எனக்கே இந்தக் குற்றத்தில் பங்கு உண்டு. நான் 32 ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தவன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்பின் விளையாட்டு பீரியடை வாங்கிக்கொள்வேன். வாங்கிக்கொள்வேன் என்பது மரியாதையான சொல், உண்மையில் பிடுங்கிக்கொண்டேன். உடற்கல்வி ஆசிரியர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வகுப்பு வாசலுக்கு வருவார். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் அவரைப் பார்ப்பார்கள், அவர் பிள்ளைகளைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவார். தேர்ச்சி விழுக்காடு என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படாத காலம் அது. அந்தப் பிள்ளைகளில் யார் எந்த ஓட்டத்தை ஓடியிருப்பார்கள் என்று இப்போது எப்படி அறிவது? பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து இதை எங்கே மேடை கிடைத்தாலும் சொல்லி வருகிறேன். அந்த பீரியடுகளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது வியர்க்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு இரண்டு பீரியட் கொடுத்து, அதிலும் ஒன்றைக் கணக்குக்கும் ஒன்றை அறிவியலுக்கும் எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும், வகுப்புதோறும் விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்று இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பேருக்கு மேல் படித்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் இருக்கிறது. நாம் கேட்பது சலுகை அல்ல. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் கேட்கிறோம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று வீட்டில் சொல்லும்போது உடம்பைப் பார்த்துக்கொள் என்ற பொருளில் சொல்கிறோம். இங்கே நான் வேறொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அதோ தெரிகிறதே நம் திடல், அதுவும் ஒரு சுவர். அதன் மேற்கு மூலையில் புதிய வகுப்பறைக் கட்டடம் கட்டலாம் என்று பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அம்மையார் அவர்களே, வகுப்பறை வேண்டாம் என்று சொல்ல ஆசிரியராக இருந்த எனக்கு வாய் வராது. பழைய கட்டடத்தின் மேலேயே மாடி எடுக்கலாம். 200 மீட்டர் ஓட்டப்பாதையில் ஒரு மூலை போனால் மிச்சமிருப்பது ஓட்டப்பாதை ஆகாது.

இட்டென் ஊர் மாறிய விதத்தையும் சொல்வதாக இருந்தேன். ஊர் நுழைவாயிலில் வெற்றியாளர்களின் இல்லம் என்று வளைவு வைத்திருக்கிறார்கள், உலகம் முழுவதிலிருந்தும் ஓட்டக்காரர்கள் அங்கே வந்து தங்குகிறார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் அதை இன்னொரு மேடையில் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நுழைவாயில் மேசையில் ஒரு மனு இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு எழுதியது. இரண்டே கோரிக்கைகள்: விளையாட்டு பீரியடை வேறு எந்தப் பாடத்துக்கும் எடுக்கக்கூடாது, திடலில் கட்டடம் கூடாது. முதல் கையெழுத்து என் அக்காவுடையது. உள்ளே வரும்போதே போட்டுவிட்டார். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, பேனா இதோ என் பையில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு உங்களிடம் வருகிறேன்.