லாடம் வாங்க குதிரை எதுக்கு?

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், ரெண்டு அணிக்கும் வணக்கம், முன்வரிசைல முறுக்கு கடிச்சுக்கிட்டே கேக்குறவங்களுக்கு தனி வணக்கம். அவ்ளோதான். வணக்கத்துலயே பாதி நேரத்தை ஓட்டிட்டு அப்புறம் நேரம் பத்தலன்னு அழுற ஆள் நான் இல்ல.

தலைப்பு என்னன்னா, வெளிநாட்டுக்குப் போனா அங்க இசைத்தட்டுக் கடை தேடி அலையறது ரசனையா, வெட்டிச் செலவா. நான் ரசனைன்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தங்கச்சி நல்லாத்தான் பேசிச்சு, குறை சொல்லல. போன்ல பத்து கோடி பாட்டு கிடக்குன்னுச்சு, சரி. பெட்டியில வெயிட் ஏறுதுன்னுச்சு, அதுவும் சரி. கடைசியா என்னைப் பாத்து கைய நீட்டி ஒண்ணு சொல்லிச்சு பாருங்க, "அண்ணன் வீட்ல பிளேயரே கிடையாது, இவரு டோக்கியோ போய் சிடி வாங்கிட்டு வர்றாரு, இது குதிரையே இல்லாதவன் லாடம் வாங்கின கதை"ன்னு. நீங்களும் கை தட்டுனீங்க. விசில் வேற. விசில் அடிச்ச பையன் யாருன்னு எனக்குத் தெரியும், கடைசி வரிசை, பச்சை சட்டை, என் மச்சினன்தான்.

தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். போன பொங்கலுக்கு உங்க வீட்டுக்கு வந்தேன்ல? காபி குடுத்தீங்க, நல்ல காபி. வாசப்படி தாண்டும்போது கால்ல ஏதோ தட்டுச்சு, குனிஞ்சு பாத்தா என்ன? லாடம்! நிலைவாசல்ல பளபளன்னு லாடம் அடிச்சு மஞ்சள் குங்குமம் வச்சிருக்கு! நானும் கொல்லைப்புறம் வரைக்கும் எட்டிப் பாத்தேன், குதிரையக் காணோம். ஒரு ஸ்கூட்டிதான் நின்னுச்சு. ஐயா, இந்த ஊர்ல பாதி வீட்டு வாசல்ல லாடம் இருக்கு, எவன் வீட்ல குதிரை இருக்கு? லாடம் வாங்க குதிரை எதுக்கு? மனசுக்குப் புடிச்சிருக்கு, இருந்தா நல்லதுன்னு தோணுது, வாங்கி அடிக்கிறோம். கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட் ஷோகேஸ்ல இருக்கே, அதுல என்னைக்காவது சோறு தின்னுருக்கோமா? அத யாராவது வெட்டிச் செலவுன்னு சொன்னோமா?

இப்ப கை தட்டுங்க. ம்.

டோக்கியோ கதைக்கு வரேன். டூர்ல போனோம், நானும் வீட்டுக்காரம்மாவும். குரூப் டூர்னா எப்படி இருக்கும்னு தெரியும், கையில கொடி புடிச்ச ஒரு கைடு, பின்னாடி நாம ஆட்டு மந்தையா போகணும், கோயில், டவர், இட்லி கிடைக்கிற ஹோட்டல், மறுபடி கோயில். ஷிபுயான்னு ஒரு இடம், நாலாபக்கமும் சிக்னல் ஒரே நேரத்துல விழுந்து ஜனங்க ரோட்டுக்குக் குறுக்க மறுக்க நடப்பாங்களே, வீடியோல பாத்திருப்பீங்க, அங்க ஹச்சிகோன்னு ஒரு நாய் சிலை. கைடு சொன்னாரு, முக்கா மணி நேரம் ஃப்ரீ, எல்லாரும் நாய்கிட்ட போட்டோ எடுத்துக்கிட்டு இங்கயே நில்லுங்கன்னு. எனக்கு நாய் வேணாம். பக்கத்துல நடக்குற தூரத்துல டவர் ரெக்கார்ட்ஸ் இருக்கு. நழுவிட்டேன்.

ஐயா, அந்தக் கடைய நீங்க பாக்கணும். மஞ்சளும் சிவப்புமா ஒரு கட்டடம் முழுக்க பாட்டுக் கடை, கீழ அண்டர்கிரவுண்டு, மேல எட்டு மாடி. இந்த டவர் ரெக்கார்ட்ஸ் பொறந்தது அமெரிக்காவுல, 1960ல. அங்க 2006ல மொத்தமா மூடிட்டுப் போயிட்டான். ஜப்பான்காரன் அதுக்கு முன்னாடியே, 2002ல, கடைய தனியா வாங்கிப் பிரிச்சுக்கிட்டான், இன்னைக்கும் நடத்துறான். தாய்க்கடை செத்துப்போச்சு, பிள்ளைக்கடை ஜம்முன்னு நிக்குது. சிடி பிளேயர மொத மொதல்ல விக்க ஆரம்பிச்சதும் ஜப்பான்காரங்கதான, 1982 அக்டோபர்ல, சும்மா விட்டுருவாங்களா.

வெல பத்தி கேப்பீங்க. புது சிடி கிட்டத்தட்ட 3000 யென் வரும், நம்ம காசுக்கு 1500க்கு மேல. எங்க போனாலும் அதே வெலதான், கம்பெனி போட்ட வெலைய கடைக்காரன் குறைக்கக் கூடாதுன்னு அங்க ஏற்பாடு. ரங்கநாதன் தெருவுல பழகின எங்க வீட்டுக்காரம்மா முந்தின நாள் வேற ஒரு சிடி கடைல கால்குலேட்டர நீட்டிப் பாத்தாங்க, பாவம் அந்தக் கடைப் பொண்ணு குனிஞ்சு குனிஞ்சு மன்னிப்பு கேட்டுச்சு, ஒரு யென் குறையல. இதுல ஒரு வேடிக்கை, வெளிநாட்லேர்ந்து இறக்குமதியாகுற அதே ஆல்பம் அங்க பல நேரம் சீப்பா கிடைக்கும், அதுக்கு இந்த வெலக் கட்டுப்பாடு கிடையாது. அப்ப உள்ளூர்ல அச்சடிச்சத எவன் வாங்குவான்? அதனால ஜப்பான் பதிப்புல மட்டும் கடைசில ஒரு பாட்ட கூடுதலா சேத்துருவான். அந்தப் பாட்டு வேற நாட்டு பதிப்புல இருக்காது. தங்கச்சி, அதுல பல பாட்டு உங்க பத்து கோடில கிடையாது. இருக்கிற பாட்டும் உரிமை முடிஞ்சா ராத்திரியோட ராத்திரியா போன்ல சாம்பல் கலர் ஆயிடும், அமுக்குனா பாடாது. சரி இது லாஜிக், லாஜிக்குக்கு யாரும் கை தட்ட மாட்டீங்கன்னு தெரியும், விடுறேன்.

கதைக்கு வாங்க. எனக்கு வேண்டியது ஒரே ஒரு சிடி. முத்து படம். நம்ம ஊர்ல 1995 தீபாவளிக்கு வந்துச்சு. ஜப்பான்ல 1998ல வந்துச்சு, இதே ஷிபுயால சினிமா ரைஸ்னு ஒரு தியேட்டர்ல, அது மாசக்கணக்குல ஓடின கதைதான் உங்களுக்கே தெரியுமே. அந்தப் படப் பாட்டு ஜப்பான் எழுத்து அச்சடிச்ச சிடியா இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன், அத கையில புடிச்சுப் பாக்கணும்னு ஆசை. புதுசு இப்ப எங்க கிடைக்கும், பழைய தட்டுக் கடைக்குத்தான் போகணும். ஒரு சந்துக்குள்ள, மாடிப்படி ஏறி, ஒரு சின்னக் கடை. உள்ள ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒருத்தர் மூச்ச இழுத்துக்கணும். கல்லால ஒரு பெரியவர், நரைச்ச முடியக் குடுமியா கட்டியிருக்காரு.

நான் "முத்து"ன்னேன். அவரு முழிச்சாரு. "இந்தியா, சினிமா"ன்னேன். இந்தி ரெக்கார்ட் ரெண்ட எடுத்துப் போட்டாரு. இல்லைங்கய்யா, தமிழ், ரஜினின்னேன். என் வாய்ல ரஜினி அவரு காதுக்கு வேற என்னவா கேட்டுச்சோ, கழிவறை பக்கம் கைய காட்டுறாரு! போன எடுக்கலாம்னா சார்ஜ் போயிருச்சு. பத்து கோடி பாட்டும் பாக்கெட்ல செத்துக் கிடக்கு தங்கச்சி!

என்ன பண்றது? சுத்தி முத்திப் பாத்தேன், குளிருக்குப் போட்டிருந்த மப்ளர உருவுனேன். சுழட்டுனேன். தோள்ல போட்டேன். பெரியவரு கண்ணு லேசா சுருங்குச்சு. விடுவேனா? கடை நடுவுல காலை அகட்டி நின்னேன், லகான புடிச்சேன், சாட்டைய எடுத்தேன், ஹேய்ய்னு ஒரு சத்தம், டக்கு டக்கு டக்குன்னு வாயாலயே குளம்படி, குதிரை வண்டிய ஓட்டிட்டேன்! ஜாஸ் ரெக்கார்ட் பாத்துக்கிட்டு நின்ன ஒரு ஆளு செவத்தோட ஒட்டிக்கிட்டாரு. குதிரை இல்லன்னு சொன்னீங்களே தங்கச்சி, நான் டோக்கியோல ஓட்டினதே குதிரை வண்டிதான்!

பெரியவரு எந்திரிச்சாரு. "ஓ! முத்து! ஒடொரு மஹாராஜா!" அதுதான் அந்தப் படத்துக்கு அங்க வச்ச பேரு, ஆடுற மகாராஜா. நேரா உள்ள போயி கீழ்த்தட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்தாரு. பிளாஸ்டிக் உறைக்குள்ள சிடி, இடது ஓரத்துல அந்தக் காகிதப் பட்டை, ஓபின்னு சொல்வாங்க, கிழியாம அப்படியே இருக்கு. அந்தப் பட்டை இருந்தாத்தான் அங்க பழைய தட்டுக்கு மதிப்பு. தலைவர் சிரிக்கிறாரு, பக்கத்துல பூரா ஜப்பான் எழுத்து. பெரியவரு தன் நெஞ்சத் தொட்டு "சினிமா ரைஸ்"னாரு. அங்க போயி படம் பாத்திருக்காரு மனுஷன். அந்தத் தியேட்டர 2016ல மூடிட்டாங்க. காச கையில வாங்கல, ஒரு சின்னத் தட்டுல வைக்கச் சொன்னாரு, சிடிய ரெண்டு கையாலயும் குடுத்தாரு. குடுத்துட்டு என் மப்ளர வாங்கி அவரு ஒரு தடவை சுழட்டுனாரு பாருங்க, ஐயா, என்னை விட நல்லா சுழட்டுனாரு.

இதே கதைய எங்க வீட்டுக்காரம்மா சொன்னா வேற. அவங்க வெர்ஷன்ல கடையே வராது. நாய் சிலைகிட்ட அவங்க, கைடு, கொடி, பஸ்ல பசியோட ஒரு கூட்டம், "உங்க சார் எங்க, உங்க சார் எங்க"ன்னு எல்லாரும் அவங்களையே கேக்குறாங்க, அப்ப தூரத்துல தோள்ல மப்ளரோட ஒருத்தன் குதிரை வண்டி ஓட்டிக்கிட்டே சிக்னல் தாண்டி வரான். அது நான்தான். சந்தோஷத்துல நிறுத்த மறந்துட்டேன். அந்த நாள்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் டூர் குரூப் வாட்ஸப்ல எனக்கு வண்டிக்காரர்னுதான் பேரு.

நடுவர் ஐயா மணிய தொடுறாரு, தெரியுது, ஒரு விஷயம் சொல்லி முடிச்சிடுறேன்.

அந்த டவர் ரெக்கார்ட்ஸ்ல ஒண்ணு பாத்தேன். தட்டு அடுக்கியிருக்கிற இடத்துல எல்லாம் சின்னச் சின்ன அட்டை, கடைல வேலை பாக்குற பசங்க கையால எழுதி வச்சது. கலர் பேனா, அடிக்கோடு, மூலைல ஒரு பொம்மை. எனக்கு ஒரு எழுத்து படிக்கத் தெரியாது, ஆனா இதக் கேளுங்கய்யா, நான் கேட்டேன், நல்லா இருக்குன்னு யாரோ சொல்றது புரியுதுல்ல? அந்த அட்டை முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

ஏன்னா எங்கப்பா ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தாரு. பஸ் ஸ்டாண்டு எதிர்ல. இங்க இருக்கிற பெரியவங்க பல பேருக்குத் தெரியும், கோடு போட்ட நோட்டுப் பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுப்பீங்க, கூடவே ஒரு டிடிகே காலி கேசட், அதுவும் ஜப்பான் கம்பெனிதான், ரெண்டு நாள் கழிச்சு வந்து வாங்கிப்பீங்க. (நடுவர் ஐயா வக்கீல், காப்பிரைட் அது இதுன்னு இப்ப கேட்கக் கூடாது.) அப்பா உள்ள வைக்கிற அட்டைல படத்துப் பேர சிவப்பு மையில, பாட்ட நீல மையில எழுதுவாரு. லிஸ்ட் முடிஞ்சு ரெண்டாவது பக்கத்துல நாலஞ்சு நிமிஷம் மிச்சம் இருக்கும்ல, அத சும்மா விட மாட்டாரு. கேக்காத ஒரு பாட்ட அவரா பாத்து சேத்துருவாரு. அட்டைல எழுத மாட்டாரு. அடுத்த வாரம் ஆள் தேடி வரும், "அண்ணே, கடைசில வந்துச்சே, அது என்ன படம்ணே?" அப்ப எங்கப்பா மூஞ்சியப் பாக்கணும். ஜப்பான் பதிப்புல கடைசில ஒரு பாட்டுன்னு சொன்னேன்ல, அவங்க வியாபாரத்துக்குச் சேத்தாங்க, இவரு எதுக்குச் சேத்தாருன்னு எனக்கு இன்னும் தெரியாது, காசு வாங்கினதில்ல.

அப்புறம் எம்பி3 சிடி வந்துச்சு, ஒரே தட்டுல நூத்துக்கு மேல பாட்டு, பிளாட்பாரத்துல கூவி வித்தான். கடை ரீசார்ஜ் கடையாச்சு, ஜெராக்ஸ் போட்டாங்க, அதுவும் போச்சு, ஷட்டர் இறங்கிருச்சு. அவரு அதப் பத்தி வீட்ல ஒரு வார்த்தை பேசினதில்ல. பஸ் ஸ்டாண்டு போக வேண்டியிருந்தா அந்தப் பக்கம் போகாம சுத்திப் போவாரு.

டோக்கியோலேர்ந்து வந்து அந்த சிடிய அவரு கையிலதான் குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு, பட்டைய விரலால தடவுனாரு. பிளேயர் எங்கன்னு கேக்கல தங்கச்சி. என்ன வெலன்னும் கேக்கல. "கடைல கூட்டம் இருந்துச்சாடா?"ன்னு கேட்டாரு.

நிக்க இடமில்லப்பான்னேன். எட்டு மாடின்னேன். எட்டு மாடியா, எட்டு மாடியான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, மாடி மாடியா என்னென்ன இருக்குன்னு சொல்ல வச்சாரு, கைல எழுதின அட்டையப் பத்தி ரெண்டு வாட்டி சொல்ல வச்சாரு, கடைசில அந்தக் குதிரை வண்டிய ஹால்ல ஓட்டிக் காட்டச் சொன்னாரு. ஓட்டினேன். இப்ப வீட்டுக்கு யாரு வந்தாலும் ஓட்டணும், கேஸ் சிலிண்டர் போட வர்ற தம்பி வரைக்கும் பாத்தாச்சு.

மணி அடிச்சிட்டீங்க ஐயா, சரி. தீர்ப்பு உங்க கையில. வெட்டிச் செலவுன்னுதான் சொல்லப் போறீங்கன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல, முன்வரிசைல இடது ஓரமா வெள்ளைச் சட்டை போட்டு உக்காந்திருக்காரே, அவருதான் எங்கப்பா, மைக்க கீழ எடுத்துட்டுப் போயி அவரு மூஞ்சியப் பாத்து நேரா சொல்லிடுங்க. வணக்கம்.