திரும்பி வராத பதில் கடிதம்

அவையோருக்கு வணக்கம். வைத்தியசாலைக் கிளினிக்கில் இருக்கும் விசேட வைத்திய நிபுணரும் ஊரில் இருக்கும் குடும்ப வைத்தியரும் நோயாளிகளை எப்படிப் பகிர்ந்து பார்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

கிளினிக் வாசலில் சனம் நிறைந்தால் "டொக்டர்மார் காணாது" என்பதுதான் யாழ்ப்பாணத்தில் வழமையான பேச்சு. ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஆளுக்கு 4 நிமிடம் என்றால் ஒரு வைத்தியர் மணிக்கு 15 பேரைப் பார்க்கலாம். 90 பேரும் காலமை 7 மணிக்கே வந்து கொப்பியை அடுக்கிவிட்டால், 8 மணிக்குத் தொடங்கினாலும் கடைசி ஆளுக்குப் பின்னேரம் 2 மணியாகிவிடும். இன்னொரு வைத்தியரை இருத்தினால் இது பாதியாகும், உண்மை. ஆனால் அந்த 90 பேரில் எத்தனை பேர் அங்கே வரத்தான் வேண்டும்?

நெடுந்தீவில் இருந்து ஒரு அம்மா வருகிறார் என்று வையுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் படகு, பிறகு பஸ். நீரிழிவும் பிறஷரும் கட்டுப்பாட்டில்தான். அவருக்கு வேண்டியது ஒரு மாத மெட்ஃபோர்மினும் லொசாட்டனும். நெடுந்தீவிலேயே பிரதேச வைத்தியசாலை இருக்கிறதே! 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகள் தபாலில் வீடு தேடிப் போனதையும் நினைத்துப் பாருங்கள்.

ஆரை ஊர் வைத்தியரிடம் ஒப்படைக்கலாம்? வெறுவயிற்றுச் சீனி 130இற்குள், பிறஷர் 140/90இற்குள், கடைசி இரண்டு தடவையும் மருந்து மாறவில்லை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினின் ஏறவில்லை: இப்படியானவர்களை. விசேட வைத்திய நிபுணர் அவர்களை ஆறு மாதத்துக்கு ஒருதரம் பார்த்தால் போதும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர், காலில் ஆறாத புண் உள்ளவர், கர்ப்பிணி ஆகியோரைக் கிளினிக்கே வைத்திருக்க வேண்டும்.

இனி, குடும்ப வைத்தியர் ஒருவரைக் கிளினிக்குக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுக்கும் கடிதம். "பார்த்து ஆவன செய்யவும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அது கடிதமல்ல, நுழைவுச்சீட்டு. குடும்ப வைத்தியர் என்ன கேட்கிறார், வருத்தம் எப்போது தொடங்கியது, எந்த மருந்து எத்தனை மில்லிகிராம், ஒவ்வாமை உண்டா, எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் அதில் வேண்டும். பரிசோதனை முடிவுகள் திகதியோடு வேண்டும். தைரொயிட் சந்தேகத்தில் அனுப்பும் நோயாளியிடம் ரீஎஸ்எச் என்ற தைரொயிட் இரத்தப் பரிசோதனை ரிப்போட் இல்லாவிட்டால், முதல் நாள் அதை எழுதிக் கொடுப்பதிலேயே போய்விடும்; ரிப்போட்டைக் காட்ட இன்னொரு நாள். ஒரே ஆள் இரண்டு நம்பரைப் பிடிக்கிறார்.

பெரும்பாலும் இந்த ஏற்பாடு குலைவது நிபுணரின் பதில் குடும்ப வைத்தியருக்குத் திரும்பும் வழியில்தான். நிபுணர் மருந்தளவை மாற்றுகிறார். குடும்ப வைத்தியருக்குத் தெரியாது. அவர் பழைய அளவையே எழுதுகிறார். நோயாளிக்கு இரண்டு பேரிலும் நம்பிக்கை போய்விடும். இதற்குப் புதுக் கணினி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நோயாளி கையில் இருக்கும் கிளினிக் கொப்பியிலேயே ஒரு பக்கத்தைக் குடும்ப வைத்தியருக்கென்று ஒதுக்கி மூன்று வரி எழுதலாம்: என்ன நோய், எந்த மருந்து மாறியது, எந்த நிலையில் திருப்பி அனுப்ப வேண்டும்.

அடுத்த சிக்கல் மருந்து. ஊர் வைத்தியசாலையில் இல்லாத மருந்தை எழுதிவிட்டால் அந்த அம்மா மறுபடியும் படகேறத்தான் வேண்டும். ஒப்படைக்கும் முன்பே அங்குள்ள மருந்தாளரிடம் பட்டியலைக் கேட்டுவிடுங்கள். காசும் ஒரு விடயம். அரச கிளினிக் இலவசம். தனியார் வைத்தியருக்குக் கட்டணம் உண்டு. ஆகவே மாதாந்த மருந்தை அரச பிரதேச வைத்தியசாலைகள் பொறுப்பேற்பதும், தனியார் குடும்ப வைத்தியர்கள் நல்ல கடிதத்தோடு அனுப்புவதும்தான் எங்கள் ஊருக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

கடிதம் இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. கடிதத்தோடு வருபவருக்கு 9 மணி, 10 மணி என்று நேரம் குறித்துக் கொடுங்கள். சனம் தானாகக் கடிதம் கேட்கும். நெஞ்சுவலி, வாய் கோணல், கை விழுதல் என்றால் கடிதமும் வேண்டாம், குடும்ப வைத்தியரும் வேண்டாம்: 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம்.

ஒரு கிளினிக், கிழமையில் ஒரு நாள், மூன்று மாதம். இப்படித் தொடங்கலாம். எத்தனை பேரை ஒப்படைத்தோம் என்பதை மட்டும் எண்ணாதீர்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்ப வரிசைக்கு வந்தார்கள், மருந்து இல்லாமலா, நம்பிக்கை இல்லாமலா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வையுங்கள்.