ஒரே கப்பல், ஒரே வாரம், இரண்டு தீர்ப்புகள்: கப்பல் சாப்பாட்டில் யார் சொல்வதை நம்புவது?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. அதை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாமனார், மாமியாரை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போய்வரத் திட்டமிட்டிருக்கிறார். பெரியவர்கள் இருவரும் சைவம். போன வருடம் அதே கப்பலில், அதே பயணத்தில் போய்வந்த இரண்டு குடும்பங்களை விசாரித்திருக்கிறார். ஒரு குடும்பம், "சாப்பாட்டுக்காகவே இன்னொரு முறை போகலாம்" என்கிறது. இன்னொரு குடும்பம், "வாயில் வைக்க முடியவில்லை, பழத்தைத் தின்று பொழுதை ஓட்டினோம்" என்கிறது. "ஐயா, இதில் யார் சொல்வது உண்மை?" இதுதான் கேள்வி.

இருவர் சொல்வதும் உண்மை. மழுப்புவதற்காக இப்படிச் சொல்லவில்லை. கப்பல் சமையலறையில் நான் வேலை பார்த்திருக்கிறேன் என்பது தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஒரே இரவில், ஒரே சமையலறையிலிருந்து போன ஒரே மீனுக்கு ஒரு மேசையிலிருந்து பாராட்டும் இன்னொரு மேசையிலிருந்து புகாரும் வந்ததை நின்று கேட்டிருக்கிறேன். இரண்டு மேசைக்காரர்களும் பொய் சொல்லவில்லை.

கப்பல் அடுப்பைப் பற்றிய பேச்சிலும் சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன். கப்பலில் போய்வந்தவரிடம் "சாப்பாடு எப்படி?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனையாவது நாள்?" என்று கேளுங்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவரும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவரும் ஒரே சமையலைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் இருவர் பேச்சும் ஒன்றாக இருக்காது. முதல் பந்திக்காரருக்கு அப்பளம் மொறுமொறுவென்று இருந்திருக்கும், கடைசிப் பந்திக்காரருக்குப் பாயசம் நீர்த்திருக்கும்.

இப்போது பஃபேக்கு வாருங்கள். பெரும்பாலான புகார் பிறக்கிற இடம் அதுதான். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களைச் சோதிக்க அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஒரு திட்டமே வைத்திருக்கிறது. 1970களில் கப்பல்களில் வயிற்றுப்போக்கு அடிக்கடி பரவியதால் வந்த திட்டம். முன்னறிவிப்பு இல்லாமல் ஏறி வந்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் தேறவில்லை என்று பொருள். அந்த விதிகளின்படி, சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் நேரக் கணக்கில் வெளியே வைத்த உணவென்றால் நான்கு மணி நேரத்தில் குப்பைக்குப் போக வேண்டும்.

மிக நல்ல விதி. ஆயிரக்கணக்கான பேருக்கு மொத்தமாகச் சமைத்து வைக்கிற இடத்தில் இது இல்லாவிட்டால் உணவில் கிருமிகள் பெருகிப் பலர் வயிற்றைக் கெடுத்துவிடும். ஆனால் இந்த விதி ஒரு மீன் துண்டுக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். மாவில் தோய்த்துப் பொரித்த துண்டு எண்ணெயிலிருந்து எடுத்தவுடன் மொறுமொறுப்பாக இருக்கிறது. அதைத் தட்டில் பரப்பி, கீழே வெந்நீர், மேலே மூடி என்று வைக்கிறார்கள். மீனுக்குள் இருக்கிற ஈரம் ஆவியாக எழும்பி, மூடியில் பட்டு, சொட்டுச் சொட்டாகத் திரும்ப மாவின் மேலேயே விழுகிறது. கால் மணி நேரத்தில் மேல்தோல் நமத்துவிடுகிறது. சமையல்காரர் செய்த பிழை எதுவும் இதில் இல்லை. பன்னிரண்டு மணிக்கு எடுத்தவர் "அருமை" என்கிறார், ஒன்றரைக்கு எடுத்தவர் "ரப்பர்" என்கிறார்.

அதே தட்டில் ஒரு பருப்பையோ கொண்டைக்கடலைக் குழம்பையோ வைத்துப் பாருங்கள். நேரம் ஆக ஆக மசாலா இறங்கிச் சுவை கூடத்தான் செய்யும். அதனால்தான் பஃபேயில் குழம்பு வகையை எடுங்கள், வறுத்ததையும் எண்ணெயில் பொரித்ததையும் கண் முன்னால் செய்து தரும் இடத்தில் வாங்குங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே யோசனைதான். தட்டில் குவித்து வைத்திருக்கும் முட்டைப் பொடிமாஸ் பல கப்பல்களில் கிருமி நீக்கிய திரவ முட்டையில் மொத்தமாகக் கிளறியது. பக்கத்திலேயே ஆம்லெட் போட்டுத் தரும் ஒருவர் நிற்பார். வரிசையில் ஐந்து நிமிடம் நிற்கச் சோம்பல்பட்டவர்தான் ஊருக்கு வந்து "கப்பலில் முட்டைகூடச் சரியில்லை" என்கிறார்.

அடுப்பைப் பற்றிச் சுருக்கமாக ஒரு வார்த்தை. தீ அபாயத்தால் பயணிகள் கப்பல்களில் பொதுவாக எரிவாயுச் சுடர் கிடையாது, மின்சார அடுப்புதான். சுடரில் வாட்டிய வாசனையை அங்கே தேடினால் ஏமாற்றம்தான். முன்பே விரிவாகப் பேசியாகிவிட்டது.

அடுத்து, ஒரே கப்பல் என்று நாம் சொல்வது பல சமயம் ஒரே கப்பலே அல்ல. குயின் மேரி 2 இருக்கிறதே, 2004இல் ஓடத் தொடங்கியது, அதில் நீங்கள் எந்த அறை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து எந்த உணவகம் என்று முடிவாகிறது. பெரும்பாலானவர்கள் பிரிட்டானியா உணவகத்தில் சாப்பிடுவார்கள். ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் இடம் அது. விலை உயர்ந்த அறைக்காரர்களுக்குப் பிரின்சஸ் கிரில், குயின்ஸ் கிரில் என்று சுமார் இருநூறு பேர் அளவிலான தனி உணவகங்கள். ஆயிரம் தட்டு ஒரே நேரத்தில் போகும்போது இறைச்சியை முன்கூட்டியே பாதி வாட்டி வைத்துத்தான் சமாளிக்க முடியும். இருநூறு பேர் என்றால் ஒவ்வொருவர் கேட்டபடி செய்து தரலாம். இருவருமே ஊருக்குத் திரும்பி "குயின் மேரியில் போய்வந்தேன்" என்றுதான் சொல்வார்கள்.

எண்ணிக்கையைப் பாருங்கள், இன்னும் புரியும். 2024இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள், பணியாளர்கள் 2,350 பேர். சீபோர்ன் குவெஸ்ட் மாதிரியான சிறிய ஆடம்பரக் கப்பலில் சுமார் 450 பயணிகளுக்குச் சுமார் 330 பணியாளர்கள். முதலாவதில் இரண்டு பேருக்கு மேல் ஒரு பணியாளர், இரண்டாவதில் நான்கு பேருக்குச் சுமார் மூன்று பணியாளர்கள். கட்டணமும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடையில் வாங்கும் பொருளுக்கு விலை கேட்கிற நாம், கருத்துச் சொல்கிறவரிடம் "நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்பதே இல்லை.

இன்னொரு பிளவும் உண்டு. பழைய பயணிகளுக்கும் புதியவர்களுக்கும் நடுவே இருப்பது. இருபது, முப்பது வருடமாகப் போகிறவர்கள், குறிப்பாக அமெரிக்கர்கள், "முன்பு போல இல்லை" என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நள்ளிரவில் பனிக்கட்டிச் சிற்பங்களோடு விருந்து வைப்பார்கள், அது பெரும்பாலும் போய்விட்டது. நல்ல இறைச்சியும் ஜப்பானிய உணவும் இப்போது தனிக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்குள் போய்விட்டன. முதல்முறை போகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. காலை எழுந்ததும் பதினைந்து வகை ரொட்டியைப் பார்த்து அவர் மகிழ்ந்துபோகிறார். ஒருவர் நினைவோடு ஒப்பிடுகிறார், இன்னொருவர் வீட்டோடு ஒப்பிடுகிறார்.

நம்மவர்கள் சொல்லும் "உப்பில்லை, காரமில்லை" என்பது வேறு விஷயம். பத்து நாட்டுக்காரருக்கு ஒரே தட்டில் சமைக்கிறவர் யாருக்கும் ஒத்துக்கொள்ளாத எதையும் போட முடியாது, அதனால் எல்லாமே நடுவாந்தரமாக வரும். கேட்டால் மாற்றித் தருவார்கள். நம்மவர்கள் கேட்பதில்லை, அதுதான் எனக்கு ஆறாத வருத்தம். ஒருமுறை திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இரண்டு நாளாக ரொட்டியும் முலாம்பழமும் தின்றுகொண்டிருந்தார். கேட்டால், "அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் தம்பி" என்றார். அவருக்கு இரண்டு மேசை தள்ளி ஒரு குஜராத்திக் குடும்பம் சப்பாத்தி, பருப்பு, உருளைக்கிழங்கு என்று தினமும் சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். முதல் நாள் மாலையே பரிமாறுகிறவர்களின் தலைவரான ஹெட் வெயிட்டரைப் பார்த்து, "நாங்கள் சைவம், முட்டையும் வேண்டாம், நாளை இரவுக்கு இதைச் செய்து தர முடியுமா?" என்று கேட்டார்கள். சமையலறைக்கு ஒரு நாள் முன்னால் தெரிந்தால் போதும், செய்துவிடுவோம். நான் போய்ச் சொன்னபிறகு அந்தப் பெரியவருக்கும் மூன்றாம் நாள் சோறும் பருப்பும் வந்தது. அவர் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் மூன்றாம் நாள் என்பது தாமதம் அல்லவா?

"வாயில் வைக்க முடியவில்லை" என்று உங்களைப் பயமுறுத்திய அந்தக் குடும்பத்திடம் இதைக் கேட்டுப் பாருங்கள், சகோதரி: "முதல் நாள் யாரிடமாவது சொன்னீர்களா?" பெரும்பாலும் இல்லை என்ற பதில்தான் வரும்.

இந்தக் கேள்வியோடு வேறொரு கேள்வியும் வந்திருக்கலாமே என்று நான் ஆசைப்படுகிறேன். சாப்பாடு எப்படி என்று நூறு பேர் கேட்கிறார்கள். சமைப்பது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கப்பல் சமையலறைகளில் இந்தியர்களும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாக்காரர்களும் நிறைந்திருக்கிறார்கள். கோவாக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் நிறுவனக் கப்பல்களின் சமையலறையில் இருந்தவர்கள். பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம். அந்த மாதங்களில் வார விடுமுறை என்று ஒரு முழு நாள் கிடைப்பது அரிது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2013இல் நடைமுறைக்கு வந்தது, வேலை நேரத்துக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறது தெரியுமா? 24 மணி நேரத்தில் 14 மணி நேரம், வாரத்தில் 72 மணி நேரம். வேலை நேரத்துக்குப் பதிலாக ஓய்வு நேரத்தைக் கணக்கிடும் நாடுகளில் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு. தொழிலாளரைக் காக்க எழுதிய வரம்பே இவ்வளவு என்றால் வேலையின் கனம் புரியும்.

கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பும் நாளை நீங்கள் பார்க்க வேண்டும். காலையில் பழைய பயணிகள் இறங்குகிறார்கள், மாலைக்குள் புதியவர்கள் ஏறிக் கப்பல் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் ஒரு வாரத்துக்கான சரக்கு முழுவதும் உள்ளே வர வேண்டும். சிம்பனி ஆஃப் தி சீஸ் அளவுக்கான பெரிய கப்பலுக்கு வாரத்துக்கு முட்டை மட்டும் சுமார் 60 ஆயிரம். கீரை வாடியிருக்கிறதா, தக்காளி நசுங்கியிருக்கிறதா என்று அந்த அவசரத்திலும் ஒருவர் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்து ஒதுக்குகிறார். மறந்துபோனால் நடுக்கடலில் கடை கிடையாது. ஏழு நாள் பயணத்தின் கடைசியில் கீரை குறைந்து முட்டைக்கோஸும் கேரட்டும் கூடுவது இதனால்தான். எத்தனையாவது நாள் என்று கேளுங்கள் என்றேனே, அது இதற்காகவும்தான்.

சாப்பாடு நன்றாக இருந்தால் இறங்கும் முன் தரும் கருத்துப் படிவத்தில் பரிமாறியவர் பெயரையும், தெரிந்தால் சமைத்தவர் பெயரையும் எழுதுங்கள். பெயர் எழுதி வந்த பாராட்டு பதவி உயர்வுக்கு உதவியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

சரி, சகோதரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய. உதாரணத்துக்கு, ஜென்டிங் டிரீம் கப்பலை நடத்துகிறவர்கள் இந்தியச் சைவ உணவு, ஜைன உணவு, ஹலால் உணவு ஆகியவற்றுக்கான ஏற்பாட்டைச் சொல்லியே விளம்பரம் செய்கிறார்கள். நீங்கள் போவது எந்தக் கப்பலானாலும் டிக்கெட் பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிவிடுங்கள். அதோடு நிறுத்தாமல் ஏறிய மாலையே உணவகத்துக்குப் போய் நேரிலும் சொல்லுங்கள். பஃபேக்குத் திறந்த முதல் அரை மணி நேரத்தில் போங்கள். இரவுச் சாப்பாட்டைப் பரிமாறும் உணவகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் மாமனாரின் காபியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கப்பலில் பெரும்பாலும் நீண்ட நாள் கெடாத பெட்டிப் பால்தான், அதன் வாசனை அவருக்குப் பிடிக்காமல் போகலாம். வீட்டில் சமைத்த உணவைக் கப்பலில் பொதுவாக அனுமதிப்பதில்லை. முத்திரை பிரிக்காத பாக்கெட்டுகளைப் பெரும்பாலும் விடுகிறார்கள். ஆகவே காபித்தூள், பருப்புப் பொடி இரண்டும் கடைப் பாக்கெட்டாகவே இருக்கட்டும். கெட்டில், மின்சாரக் காபி இயந்திரம் போன்றவற்றைப் பையைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் ஃபில்டரில் மின்சாரம் இல்லை, அதை எடுத்துப் போங்கள். வெந்நீர் பஃபேயில் கிடைக்கும். டிகாஷன் இறங்கும் வரை அவர் மேல்தளத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரட்டும்.

அடுத்த கேள்வி, மதுரையிலிருந்து. கடல் குமட்டலுக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த வாரம் பார்க்கலாம். வணக்கம்.